'கடைமடை வீடு' நாவல்: வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாவல் வெளிவந்ததிலிருந்து தொலைபேசியிலும் நேரிலும் ஒரே மாதிரியான கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. கேட்கிறவர்கள் அக்கறையோடு கேட்கிறார்கள், சிலர் கோபத்தோடும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் பகுதியில் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. இரண்டாம் பகுதி நாவலைப் படித்து முடித்தவர்களுக்கு மட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அந்த இடத்தில் சொல்கிறேன்.

கதை எதைப் பற்றியது?

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, வெண்ணாற்றுப் பாசனம் முடிகிற இடத்தில் ஒரு கிராமம். கோமதிக்கும் இளங்கோவுக்கும் கல்யாணமாகிப் பதினாறு வருடம். கோமதியின் உயிர்த்தோழி ஜெயந்தி. மன்னார்குடியில் இருவரும் ஒன்றாகக் கல்லூரி போனவர்கள், ஒரே ஊரில் இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவர்கள். ஜெயந்தியின் கணவர் முருகேசன் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். கோமதியின் மாமியார் பக்கவாதத்தில் பேச்சு போய்ப் படுக்கையில் இருக்கிறார்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த இரவில் கோமதியின் வீட்டு ஓடு பறக்கிறது, டிரங்குப் பெட்டி நனைகிறது. காகிதங்களை உலர்த்தும்போது ஓர் அடகுச் சீட்டு கையில் சிக்குகிறது. சீட்டில் எழுதியிருக்கும் நகை கோமதியுடையது. பெயர் ஜெயந்தியுடையது. புயல் அடித்த அந்த ராத்திரி இளங்கோ வீட்டில் இல்லை. கதை இங்கிருந்து கிளம்புகிறது.

இது உண்மைக் கதையா?

இல்லை. கோமதியும் ஜெயந்தியும் நான் உண்டாக்கியவர்கள். ஊருக்கு நாவலில் பெயரே வைக்கவில்லை.

ஆனால் கதை பிறந்த இடம் உண்மை. புயல் முடிந்த மூன்றாம் நாள் லேசாக வெயில் வந்தது. என் அம்மா பெட்டியிலிருந்த காகிதங்களை எல்லாம் திண்ணையில் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஓட்டுச் சில்லை வைத்தார். குடும்ப அட்டை, ஜாதகம், எல்.ஐ.சி. பாண்டு, என்னுடைய மாற்றுச் சான்றிதழ். நான் குனிந்து ஒரு காகிதத்தை எடுத்தேன். அம்மா சட்டென்று அதை வாங்கி, மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டார். "அது ஒண்ணும் இல்ல" என்றார். அது என்ன என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அந்த முடிச்சைப் பற்றி யோசித்து யோசித்துத்தான் நாவல் வந்தது.

கொலை இல்லை, போலீஸ் இல்லை. இதை எப்படி சஸ்பென்ஸ் நாவல் என்கிறீர்கள்?

துப்பறியும் கதையில் 'யார் செய்தது' என்பது கேள்வி. குடும்பத்துக்குள் நடக்கும் மர்மக் கதையில் 'யார் யாருக்கெல்லாம் தெரியும்' என்பது கேள்வி. என்னைப் பொறுத்தவரை இரண்டாவது கேள்விதான் அதிகம் பயமுறுத்துவது. கொலைகாரன் ஒருவனாக இருப்பான், அவனைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் உங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஒரு விஷயம் உங்கள் புருஷனுக்கும், அவர் அம்மாவுக்கும், நாத்தனாருக்கும், உங்கள் தோழிக்கும் தெரிந்திருந்து, உங்களுக்கு மட்டும் தெரியாமல் இருந்தால்? அவர்கள் எல்லோரும் ஐந்து வருடமாக உங்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டு இருந்தால்?

நாவலில் கத்தி எடுக்கிற காட்சி ஒன்றுகூட இல்லை. நான் மிகவும் சிரமப்பட்டு எழுதிய காட்சி, நாத்தனார் காரைக்காலிலிருந்து புயல் விசாரிக்க வந்து, கூடத்தில் உட்கார்ந்து கோமதி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே, "பத்திரமெல்லாம் நனையலையே அண்ணி?" என்று கேட்கிற இடம். கோமதி இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவளும் படிக்கிறவரும் அடகுச் சீட்டை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அத்தியாயத்தை ஏழு தடவை மாற்றி எழுதினேன்.

தலைப்புக்கு என்ன பொருள்?

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள்போல ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாறு நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி மூன்றாகப் பிரியும்: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. அதற்கப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கண்ணி வாய்க்கால். எல்லோரும் பாய்ச்சிய பிறகு கடைசி வயலுக்கு வருகிற மடைதான் கடைமடை.

2018 விசித்திரமான வருடம். ஜூலை 19-ல் மேட்டூர் திறந்தார்கள். நான்கே நாளில் அணை 120 அடி என்ற முழு மட்டத்தைத் தொட்டது. வந்த வெள்ளம் கொள்ளிடம் வழியே கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துக்கொண்டு போயின. அவ்வளவு தண்ணீர் வந்த வருடத்திலும் கடைமடை ஊர்களில் தண்ணீர் வரவில்லை என்று ஜனங்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். ஊரெல்லாம் வெள்ளம், தன் வயல் மட்டும் காய்ச்சல். கோமதியின் நிலைமையும் அதேதான். விஷயம் ஊரைச் சுற்றி ஓடியிருக்கிறது, அவள் வாசலுக்கு மட்டும் வரவில்லை.

மா, குழி, வேலி என்று வருகிறதே?

இது எங்கள் பக்கத்து நில அளவு. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். கோமதி வீட்டு நிலம் ஒன்பது மா, மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஓரத்தில் தென்னை.

அடகுச் சீட்டு வரும் அத்தியாயத்தில் 'முழுகிப் போகும்' என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சுப் பிழையா?

பிழை இல்லை. வட்டி கட்டாமல் தவணை தாண்டிப்போய், அடகு நகை கடைக்காரருக்கே போய்விட்டால் 'நகை முழுகிப்போச்சு' என்றுதான் சொல்வோம். பயிர் வெள்ளத்தில் போனாலும் அதே சொல்தான். எங்கள் ஊரில் இந்த இரண்டு முழுகலும் பெரும்பாலும் ஒரே வருடத்தில் நடக்கும். நடவுக்கு முன்னால் நகை அடகுக்குப் போகும், அறுவடை முடிந்தால் திரும்பி வரும். பயிர் முழுகினால் பின்னாலேயே நகையும் முழுகும்.

அதனால்தான் அடகுச் சீட்டைப் பார்த்ததும் கோமதிக்கு முதலில் அதிர்ச்சி வரவில்லை. நகை அடகில் இருப்பது அவளுக்குத் தெரிந்ததுதான். தன் ஐந்து பவுன் ஆரம் கூட்டுறவு வங்கியில் பயிர்க் கடனுக்கு இருக்கிறது, வருடா வருடம் திருப்பி வைக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். கையில் இருக்கும் சீட்டோ திருத்துறைப்பூண்டித் தனியார் கடை ஒன்றினுடையது. ஈரத்தில் நீல மை பரவியிருக்கிறது. 'ஆரம் 1, கல் இல்லை, 40 கிராம்' என்பது தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே பெயர் பாதி கரைந்திருக்கிறது. 'ஜெ' தெரிகிறது, அப்புறம் ஒரு கறை, கடைசியில் 'தி'. அதே ஆரத்துக்கு இப்படி ஐந்து சீட்டுகள், வருடத்துக்கு ஒன்றாக, ஒரே பின்னில் குத்தியிருக்கின்றன. பின் துருப்பிடித்து ஐந்து காகிதத்திலும் ஒரே இடத்தில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஐந்து வருடமாக அந்த ஆரம் முழுகாமல் வட்டி கட்டியிருக்கிறார். கோமதியை அலைக்கழிப்பது அதுதான். திருடுகிறவர்கள் எதற்கு வட்டி கட்ட வேண்டும்?

தமிழில் இந்த மாதிரி நாவல் புதிது என்கிறார்களே?

அப்படிச் சொல்வது முன்னோடிகளுக்குச் செய்கிற அநியாயம். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற வழியில் வடுவூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குடும்பத்துக்குள் நடக்கும் சதிகளை வைத்துப் பரபரப்பான நாவல்கள் எழுதிக் குவித்தவர். அவருடைய 'மேனகா' 1935-ல் திரைப்படமாகவும் வந்தது. டெல்டா மண்ணில் மர்ம நாவலுக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது. நான் அந்த வரப்பில் நடந்து வந்தவன், அவ்வளவுதான்.

கோமதி ஏன் புருஷனிடம் நேராகக் கேட்டுவிடவில்லை? கேட்டிருந்தால் இருபதாம் பக்கத்தில் கதை முடிந்திருக்குமே.

எனக்கு அதிகமாக வந்த கேள்வி இது. நகரத்தில் வளர்ந்தவர்கள் கொஞ்சம் எரிச்சலோடு கேட்கிறார்கள்.

முதலில், எங்கே வைத்துக் கேட்பாள்? அந்த வீட்டை ஒரு தடவை மனதில் நடந்து பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுப்படி, கொல்லை. தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றுதான், அதற்குத்தான் கூரை போய்விட்டது. மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறது. கூடத்தில் மாமியார் கட்டில், பக்கத்தில் பிள்ளைகள், வீடு விழுந்துபோன சொந்தக்காரர் குடும்பம் ஒன்று. புயலுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்விசிறிச் சத்தம் இல்லாத வீட்டில் ரகசியம் பேச முடியாது. பெருமூச்சு விட்டாலும் அடுத்த பாயில் இருப்பவருக்குக் கேட்கும்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. கேள்வி கேட்டால் பதில் வரும். "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால் அடுத்து அவள் எங்கே போவாள்? பிறந்த வீடு இப்போது தம்பியுடைய வீடு. தம்பி மனைவி கையில் சாவி. போனால் நாலு நாள் விருந்தாளி, ஐந்தாம் நாள் 'வாழாவெட்டி'. அந்த ஒரு சொல் எங்கள் ஊர்ப் பெண்களை எவ்வளவு காலம் வாயடைத்து வைத்திருக்கிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா ஒருவர் முப்பது வருடம் கேட்காமலே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

தெரிந்துகொள்ளாத வரைக்கும் கோமதிக்கு ஒரு வீடு இருக்கிறது. அதனால் அவள் கேட்பதில்லை, பார்க்கிறாள். சட்டைப் பை, செருப்பு, போனில் வந்த தவறிய அழைப்பு, புருஷன் சாப்பிடும்போது எத்தனை தடவை தண்ணீர் குடிக்கிறார் என்பது வரை. பதினாறு வருடம் ஒரு மனிதருக்குச் சோறு போட்டவளைவிடப் பெரிய துப்பறிவாளர் யாரும் இல்லை என்று நான் மனதார நம்புகிறேன்.

ஜெயந்தி இளங்கோவை 'அண்ணே' என்று கூப்பிடுகிறாள், அவர் 'தங்கச்சி' என்கிறார். அதுவே ஒரு நடிப்பா?

கோமதிக்கும் அந்தச் சந்தேகம்தான் வருகிறது. எங்கள் ஊரில் தோழியின் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழியில்லை, 'சார்' என்று கூப்பிட்டால் அந்நியம். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் வாசல் திறந்துவிடும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த முறை உண்மையான பாசமாகவும் இருக்கலாம், போர்வையாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜெயந்தி பதற்றத்தில் ஒரு தடவை 'அண்ணே'யை விட்டுவிட்டு "ஏங்க, இங்க பாருங்க" என்கிறாள். அந்த 'ஏங்க' யாரைப் பார்த்துச் சொன்னது என்று திரும்பப் படித்துப் பாருங்கள்.

சின்ன வயதுப் பிள்ளைகள் படிக்கலாமா?

பதினைந்து வயதுக்கு மேல் தாராளமாகப் படிக்கலாம். ஆபாசம் கிடையாது, அடிதடி கிடையாது.

*நாவலை இன்னும் முடிக்காதவர்கள் தயவுசெய்து இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். இனி எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.*

நிலம் ஜெயந்தி பெயருக்கு மாறி ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. கோமதிக்குத் தெரியாமல் அது எப்படி நடக்கும்?

இந்த நாவலை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இளங்கோவின் அப்பா 2009-ல் உயில் எழுதாமல் இறந்துபோகிறார். நிலம் அவர் சுயமாக வாங்கியது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. 2012-ல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை இல்லை, சம்பாவும் காய்ந்தது. அந்த வருடம் இளங்கோ தன் கூட்டாளிக்காக ஒரு புரோ நோட்டில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். கூட்டாளி ஊரைவிட்டே போய்விடுகிறார். கடன்காரர் கோர்ட்டுக்குப் போவேன், நிலத்தை ஜப்தி செய்வேன் என்கிறார். 2013-ல் நிலத்தை விற்றுக் கடனை அடைக்கிறார் இளங்கோ. வாங்கியது ஜெயந்தி, முருகேசன் அனுப்பிய சிங்கப்பூர்ப் பணத்தில். மிச்சம் இருந்த வட்டிக்குத்தான் ஆரம் அடகுக்குப் போகிறது. உள்ளூரில் வைத்தால் கோமதி காதுக்குப் போகும் என்று வெளியூர்க் கடையில், ஜெயந்தி பெயரில்.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். அந்த நிலத்தை விற்க யார் யார் கையெழுத்துப் போட வேண்டும்? மகன் போட வேண்டும். அம்மா கைநாட்டு வைக்க வேண்டும். கட்டிக்கொடுத்துப் பதினெட்டு வருடமான மகள் காரைக்காலிலிருந்து பஸ் ஏறி வந்து போட வேண்டும். மருமகளின் கையெழுத்து வேண்டியதில்லை. அந்த நிலத்தில் நாற்றுக் கட்டு சுமந்தவள், களை எடுத்த ஆட்களுக்குக் கஞ்சி கொண்டுபோனவள், ஆரத்தைக் கழற்றிக் கொடுத்தவள் கோமதி. சட்டம் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லவில்லை. கேட்கத் தேவையில்லாததால் யாரும் கேட்கவில்லை. யாரும் திட்டம் போட்டு மறைத்த மாதிரிகூட இல்லை. அந்த வீட்டில் பிறந்தவர்கள் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தார்கள். வாழ வந்தவள் அன்றைக்கு அடுப்படியில் இருந்தாள்.

அப்படியானால் அவள் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்?

கஜாவில் விழுந்த தென்னைக்கு அரசு நிவாரணம் கொடுத்தது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக ஒரு மரத்துக்கு 1,100 ரூபாய். கணக்கெடுக்க வந்த கிராம நிர்வாக அலுவலர், பட்டா இன்னும் மாமனார் பெயரிலேயே இருப்பதைப் பார்த்து, வாரிசுச் சான்றும், நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று காட்டும் வில்லங்கச் சான்றும் வாங்கி வரச் சொல்கிறார். இளங்கோ நாளைக் கடத்துகிறார். கோமதி ஒரு நாள் தானே பஸ் ஏறிப் போய் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறாள்.

வில்லங்கச் சான்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'எழுதிக்கொடுத்தவர்', 'எழுதி வாங்கியவர்' என்று இரண்டு பத்தி இருக்கும். எழுதிக்கொடுத்தவர் பத்தியில் மூன்று பெயர். எழுதி வாங்கியவர் பத்தியில் ஒரே பெயர். அடகுச் சீட்டில் கரைந்துபோன எழுத்துகள் இதில் அச்சில் முழுசாக இருக்கின்றன. கோமதி வாய்க்குள் அந்தப் பெயரைப் படித்துவிட்டு, "இன்னொரு காப்பி எடுத்துத் தாங்க" என்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பலர் கேட்டார்கள். ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடுவோம் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கடன்காரருக்குப் பயந்து தோழி பெயருக்கு எழுதிய பத்திரம் செல்லுமா?

ஒரு வழக்கறிஞர் வாசகர் கேட்டது. கடன்காரரை ஏமாற்றப் பெயருக்கு மட்டும் எழுதிய பத்திரத்தை, 1882-ம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-ம் பிரிவின்படி அந்தக் கடன்காரர் எதிர்க்கலாம். இங்கே ஜெயந்தி முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறாள், அந்தப் பணம் நேராகக் கடன்காரருக்கே போயிருக்கிறது. அதனால் சிக்கல் வராது.

புயல் ராத்திரி இளங்கோ எங்கே இருந்தார்? எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான்காம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போங்கள். விடிந்ததும் கோமதி மரங்களைத் தாண்டித் தாண்டி ஜெயந்தி வீட்டுக்குப் போகிறாள். சரிந்த கீற்றுக்கு அடியில் மூன்று ஜோடிச் செருப்பு கிடக்கிறது. கோமதியின் கண் இளங்கோவின் செருப்பிலேயே நின்றுவிடுகிறது. படிக்கிறவர்கள் கண்ணும் அங்கேயே நின்றுவிட்டது, அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். ஒரு ஜோடி ஜெயந்தியுடையது. மூன்றாவது ஜோடி?

முருகேசன். செப்டம்பரிலேயே வேலை போய்த் திரும்பி வந்தவர், ஏஜெண்டுக்கு வாங்கிய கடனுக்குப் பயந்து திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஒளிந்திருக்கிறார். மகளைப் பார்க்க அன்று ராத்திரி இருட்டில் வந்தவர் புயலில் மாட்டிக்கொள்கிறார். தங்கச்சி தனியாக இருப்பாள் என்று ஓடிய இளங்கோ அவரைப் பார்த்துவிடுகிறார். விடியும்வரை இரண்டு ஆண்களும் பெயர்ந்துவிடப் பார்த்த கதவை முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கிறார்கள். நடுவில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஜெயந்தி. தான் அனுப்பிய பணம் நிலமாக மாறியது முருகேசனுக்குத் தெரியாது. அது தெரிந்த இரண்டு பேர் அவர் பக்கத்திலேயே நிற்கிறார்கள். இளங்கோ எங்கே இருந்தேன் என்று கோமதியிடம் சொன்னால் முருகேசன் வந்தது வெளியே வரும். ஒன்பதாம் அத்தியாயத்து 'ஏங்க', திருப்பூரில் இருந்த முருகேசனிடம் போனில் சொன்னது.

மாமியாருக்கு எல்லாம் தெரியும். அவருக்குப் பேச்சு வராமல் வைத்தது உங்களுக்கு வசதிக்காகத்தானே?

கதைக்கு வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோமதி தினமும் அவருக்குக் கஞ்சி ஊட்டுகிற காட்சிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பக்கவாதத்துக்கு முன்னால் நான்கு வருடம் அவர் வாய் நன்றாகத்தான் இருந்தது. அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லத் துடிக்கிறார், முடியவில்லை. ஸ்பூனை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் கோமதியின் வெறும் கழுத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்கிறார். கஞ்சி பிடிக்கவில்லையோ என்று கோமதி கொஞ்சம் உப்புப் போடுகிறாள். வாய் ஓரத்தைத் துடைத்துவிட்டு, "என்ன அத்தை, சாப்பிடுங்க" என்கிறாள். கைநாட்டு வைத்த அந்தப் பெருவிரல் போர்வைக்கு மேலே ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்தக் காட்சியை எழுதும்போது நான் அழுதேன்.

இளங்கோ கெட்டவரா?

குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், வேறு பெண் தொடர்பு இல்லை. ஊரில் நல்ல மனுஷன் என்று பெயர். ஆனாலும் அவர் செய்தது பெரிய தவறு என்றுதான் நினைக்கிறேன். "உன்னக் கஷ்டப்படுத்த வேணாம்னுதான் சொல்லல" என்கிறார். ஐந்து வருடம் அவளை அவளுடைய வாழ்க்கைக்கே வெளியாள் ஆக்கியதைவிட என்ன பெரிய கஷ்டம் இருக்கிறது?

ஜெயந்தி விஷயம் எனக்கு இவ்வளவு சுலபமாக இல்லை. அவள் நிலத்தைக் காப்பாற்றினாள், தையல் மிஷினை மிதித்து ஆரத்துக்கு வட்டி கட்டினாள். கோமதியிடம் சொன்னால் என்றாவது அது முருகேசனுக்குப் போகும் என்று பயந்தாள். தன் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தோழியின் கல்யாணத்தில் நடந்ததை மறைத்தாள். ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் அவளைப் பற்றி என் எண்ணம் மாறுகிறது.

கோமதி ஏன் வழக்குப் போடவில்லை? சட்டத்தில் அவளுக்கு வழியே இல்லையா?

நிலத்தில் இல்லை. நகையில் நிச்சயம் உண்டு. பிறந்த வீட்டில் போட்ட நகை சீதனம், அது பெண்ணுக்கே முழு உரிமை. புருஷன் கையில் இருந்தாலும் அது அவரிடம் நம்பி ஒப்படைத்த பொருள்தான் என்று 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2005-ம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் சீதனத்தை மீட்க வழி இருக்கிறது. கோமதி எடுத்த முடிவு எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு இரண்டு பெண்கள் என்னிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்: 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், எந்த நேரமும், செலவில்லை.

கடைசியில் கோமதியும் ஜெயந்தியும் பேசிக்கொள்கிறார்களா? இரண்டாம் பாகம் வருமா?

இரண்டாம் பாகம் இல்லை. கடைசி அத்தியாயம் 2019 ஆகஸ்ட். அந்த வருடம் 13-ம் தேதிதான் மேட்டூர் திறந்தார்கள். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. நிவாரணப் பணமும் மாடு விற்ற பணமும் ஒரு மஞ்சள் பையில் இருக்கின்றன. ஆரத்தை மீட்க, அடகுச் சீட்டில் பெயர் இருப்பவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதனால் ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். திருத்துறைப்பூண்டி வரை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போகிறார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் ஆரத்தை எடுத்து எடை போட்டுக் காட்டுகிறார்கள். ஜெயந்தி கையெழுத்துப் போடுகிறாள். கோமதி பணத்தை எண்ணி வைக்கிறாள். ஆரத்தைப் பைக்குள் போடப் போகும்போது ஜெயந்தி மெதுவாக, "போட்டுப் பாரு புள்ள, திருகாணி சரியா இருக்கான்னு" என்கிறாள்.

கோமதி ஒன்றும் சொல்லவில்லை. பெஞ்சில் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து, ஜெயந்திக்கு முதுகைக் காட்டி, பின்னலை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அந்த இடத்தில் நாவலை முடித்தேன்.